நீ எதையோ வாசிக்காம விட்டுட்ட

"படம் ஒண்ணு சொல்லேன், கொஞ்சம் யோசிக்க வைக்கிற மாதிரி" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், முன்பெல்லாம் எனக்குக் கால் தரையில் நிற்காது. கேட்டவர் யார், வயது என்ன, வீட்டில் என்ன நிலைமை என்று எதையும் பார்க்காமல் இரண்டு மூன்று பெயர்களை எடுத்து விடுவேன். சித்தப்பா விஷயத்துக்குப் பிறகுதான் வாயைக் கொஞ்சம் கட்டினேன்.

சித்தப்பா நகராட்சி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதமே பொழுது போகவில்லை என்று புலம்பத் தொடங்கினார். அகிரா குரோசவாவின் 'இகிரு'வைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். 1952-இல் வந்த ஜப்பானியப் படம். நகராட்சி அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்புகளுக்கு முத்திரை குத்தியே காலம் தள்ளிய வதனபே என்கிற பிரிவுத் தலைவரின் கதை. சாக்கடைக் குட்டையை மூடிப் பிள்ளைகள் விளையாட ஒரு பூங்கா கட்டித் தாருங்கள் என்று மனுவோடு வரும் பெண்களை ஒவ்வொரு மேசையாக அலையவிடும் காட்சி ஒன்று ஆரம்பத்திலேயே வரும். அதைப் பார்த்துச் சித்தப்பா விழுந்து விழுந்து சிரிப்பார் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

வதனபேக்கு வயிற்றில் புற்றுநோய். சித்தப்பாவுக்கு அந்த வாரம்தான் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கத் தேதி கொடுத்திருந்தார்கள்.

எனக்கு அது தெரியாது. இரவு பதினொன்றரைக்குப் போன் வந்தது. "ஏல, டாக்டரு உங்கிட்ட ஏதும் சொன்னாரா?"

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. படத்தில் மருத்துவமனை வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளி ஒருவர், "சாதாரணப் புண்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னால் அது புற்றுநோய் என்று அர்த்தம்" என்கிற மாதிரி வதனபேயிடம் விளக்கிக் கொண்டிருப்பார். உள்ளே போனால் டாக்டர் அதையேதான் சொல்வார். சித்தப்பாவுக்கும் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "சாதாரணப் புண்தான், மாத்திரை போதும்" என்றார்கள். அவர் நம்பவில்லை. இரண்டு வாரம் தூங்கவில்லை. சித்தி என்னோடு பேசவில்லை. மூன்றாவது டாக்டரும் புண் என்று சொன்ன பிறகுதான் வீடு அடங்கியது.

ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சித்தப்பா தானாகவே ஆரம்பித்தார். "அந்தப் படத்துல கடைசியில வதனபே செத்த துட்டி வீட்டுல ஆபீசுக்காரனுவ உக்காந்து குடிச்சுக்கிட்டே, பூங்காவக் கட்டினது அவருதானான்னு பேசுதானுவல்லா, அதாம்ல நெசம். நாளைலேருந்து நாமளும் அவர மாதிரி வேல செய்யணும்னு சபதம் போடுதானுவோ. மறுநாளு ஆபீசுக்கு வந்து பழைய மாதிரியே உக்காந்துக்கிடுதானுவோ. முப்பத்திரண்டு வருசம் நான் பாத்தது அதத்தாம்." அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் பாயசத்துக்குக் கை நீட்டினார்.

ஆள் பார்த்துப் படம் சொல்வது அவ்வளவு லேசில்லை என்று அப்போது புரிந்தது. சாவதற்கு முன் பார்த்தே ஆக வேண்டிய ஐம்பது படங்கள் என்றெல்லாம் பட்டியல் போடுகிறார்களே, அவர்கள் யாரும் ஒரு சித்தப்பாவுக்குப் படம் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நம் ஊரில் 'சிந்திக்க வைக்கும் படம்' என்றாலே கடைசிக் காட்சியில் ஒருவர் எழுந்து நின்று ஊருக்குப் புத்தி சொல்லும் படம் என்று ஓர் எண்ணம் வேறு ஊறிப் போயிருக்கிறது. அதில் நாம் யோசிக்க என்ன மிச்சம் இருக்கிறது? யோசித்து முடித்துத் தட்டில் வைத்துத் தந்துவிடுகிறார்களே.

நான் அதிகம் பேருக்குச் சொன்னதும், அதிகம் சண்டை போட்டதும் ஒரே படத்துக்காகத்தான். ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்'. 2011-இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடியும், மறு வருடம் வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. பாரசீகத்தில் அதன் பெயருக்கு 'சிமினிடமிருந்து நாதரின் பிரிவு' என்று பொருள். தெஹ்ரானில் ஒரு நடுத்தரக் குடும்பம். மனைவி சிமினுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வெளிநாடு போக வேண்டும். கணவன் நாதர் வர மாட்டேன் என்கிறான். அவனுடைய அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது, அவரை விட்டுவிட்டு எப்படி வருவது என்கிறான். சிமின் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறாள். பெரியவரைப் பகலில் பார்த்துக்கொள்ள ரசியே என்கிற ஏழைப் பெண் வேலைக்கு வருகிறாள். அவள் கர்ப்பிணி. ஒருநாள் நாதர் வீட்டுக்கு வந்து பார்த்தால் அவளைக் காணோம். அப்பா கட்டிலோடு கை கட்டப்பட்டுக் கீழே விழுந்து கிடக்கிறார். மேசையில் இருந்த பணமும் குறைகிறது. அவள் திரும்பி வந்ததும் வாய்த்தகராறு முற்றி, அவளைக் கதவுக்கு வெளியே தள்ளுகிறான். அவளுக்குக் கரு கலைகிறது. கொலை வழக்காகிறது.

முதல் காட்சியில் கணவனும் மனைவியும் விவாகரத்துக்காக நீதிபதி முன் உட்கார்ந்து கேமராவைப் பார்த்தே பேசுகிறார்கள். நீதிபதியின் குரல் மட்டும்தான் நமக்குக் கேட்கும். அதாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நாம்.

இதைத்தான் அத்தான் பிடித்துக்கொண்டார். அக்காள் வீட்டுக்காரர், திருநெல்வேலி கோர்ட்டில் கிரிமினல் பக்கம் வக்கீல். "நம்மள ஜட்ஜ் சேர்ல தூக்கி உக்கார வச்சிட்டு, கேஸ் கட்டுல ரெண்டு பக்கத்தக் கிழிச்சு ஒளிச்சு வச்சுக்கிட்டான் மாப்ள ஒங்க டைரக்டரு" என்பார். அவர் சொல்வது உண்மைதான். நாதர் தள்ளும்போது கேமரா வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. படிக்கட்டில் அவள் எப்படி விழுந்தாள் என்று நாம் பார்ப்பதில்லை. அதற்கு முந்தின நாள், பெரியவர் வழி தவறித் தெருவில் இறங்கிவிட, அவரைப் பிடிக்க ரசியே வண்டிகளுக்கு நடுவே ஓடுகிறாள். அங்கேயும் காட்சி சட்டென்று வெட்டப்பட்டு வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. அந்த வெட்டுக்குள் என்ன நடந்தது என்பதுதான் முழு வழக்கும். நல்ல இயக்குநர் இப்படி ஏமாற்றலாமா என்பது அத்தான் கட்சி. சாட்சி சொல்கிற யாருக்கும் முழுதாகத் தெரியாதபோது நமக்கு மட்டும் ஏன் தெரிய வேண்டும் என்பது என் கட்சி.

அத்தானுக்கு உயிர் 'அந்த நாள்'. வீணை எஸ். பாலசந்தர் 1954-இல் ஏவி.எம்.முக்கு எடுத்த படம், ஒரு பாட்டு கிடையாது, படம் தொடங்கியதும் சிவாஜியைச் சுட்டுக் கொன்றுவிடுவார்கள். ஆளுக்கொரு கதையாகச் சொல்லச் சொல்லக் கடைசியில் சுட்டது யார் என்று துலங்கிவிடும். "கேஸ எடுத்தா முடிக்கணும்" என்பார். அது குரோசவாவின் 'ரஷோமோன்' தழுவல் என்கிறார்களே, அதில் கடைசி வரை எது நிஜம் என்று சொல்லவில்லையே என்று நான் இழுத்தால், "அதான் நம்மாளு அதச் சரி பண்ணிருக்காரு" என்று முடித்துவிடுவார்.

ஆனால் 'எ செபரேஷன்' பற்றி அத்தான் சொல்லித்தான் எனக்கு விளங்கிய விஷயங்களும் இருக்கின்றன. அவள் கர்ப்பிணி என்று நாதருக்குத் தெரியுமா தெரியாதா என்ற ஒற்றைக் கேள்வியைச் சுற்றிப் படம் ஏன் இவ்வளவு நேரம் சுழல்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. "இங்கயும் அதே கேள்விதான்" என்றார். நம் பழைய தண்டனைச் சட்டத்தில் 316-ஆவது பிரிவு, புதிய நியாய சன்ஹிதாவில் 92: கொலைக்குற்றம் ஆகக்கூடிய ஒரு செயலால் வயிற்றில் துடிக்கும் உயிர் போனால் பத்து வருடம் வரை. ஆனால் செய்தவனுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதைக் கொண்டுதான் எல்லாம். நாதர் தெரியாது என்கிறான். தெரியும். மகள் தெர்மே அதைக் கண்டுபிடித்து அவனைக் கேட்டும்விடுகிறாள். பிறகு அதே பதினோரு வயதுப் பிள்ளை நீதிபதியின் மேசை முன் நின்று அப்பாவுக்காகப் பொய் சொல்கிறாள். அந்த இடத்தில் அத்தான் எப்போதும் டிவியைப் பார்க்க மாட்டார். கோர்ட்டில் பிள்ளைகளைக் கூண்டில் ஏற்றிப் பழகினவர்.

இன்னொன்று சத்தியம். கடைசியில் சமரசம் பேசிப் பணம் கொடுக்க நாதர் ஒத்துக்கொள்கிறான். ஒரே நிபந்தனைதான்: தன்னால்தான் கரு கலைந்தது என்று ரசியே குர்ஆன் மீது சத்தியம் செய்ய வேண்டும். அவளால் முடியவில்லை. முந்தின நாள் வண்டி மோதியதால்கூட இருக்கலாமோ என்று அவளுக்கே சந்தேகம். பொய்ச் சத்தியம் செய்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். கடன்காரர்கள் நடுக்கூடத்தில் காத்திருக்கிறார்கள், வேலையில்லாத புருஷன் கெஞ்சுகிறான், அவள் அசையவில்லை. இதெல்லாம் சினிமாவுக்காக வைத்தது என்றேன் ஒருமுறை. அத்தான் சிரித்தார். 1873-ஆம் வருடத்து நம் பிரமாணச் சட்டத்திலேயே இதற்கு வழி இருந்ததாம். எதிர்த்தரப்புக்காரர் இன்ன விதமாகச் சத்தியம் செய்தால் நான் கட்டுப்படுகிறேன் என்று வழக்கில் ஒருவர் சொல்லலாம். மற்றவர் ஒத்துக்கொண்டு சத்தியம் செய்துவிட்டால், சொன்னவரைப் பொறுத்தமட்டில் அதுவே முடிந்த முடிவு. 1969-இல் புதுச் சட்டம் வந்தபோதுதான் அந்தப் பிரிவுகள் போயின. "சட்டத்துலருந்து போச்சு, ஊருல போகல. கோயில்ல கர்ப்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னா, நூறு பொய் சொன்னவனும் கைய பின்னால கட்டிக்கிடுவான்."

இந்தச் சண்டை ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டு முன்னறையில் பல வருடம் நடந்தது. நான் நாதர் பக்கம். அப்பாவை விட்டுப் போகாதவன் என்பதற்காகவே. அப்பாவுக்குத் தான் யார் என்றே தெரியாவிட்டாலும், அவர் தன் அப்பா என்று தனக்குத் தெரியுமே என்று அவன் சொல்லும் இடத்துக்காக நான் அவனுக்கு எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன்.

அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் போகவில்லை. "வாராவாரம் இதுக்கே சண்ட போடுதீயளே, அந்தப் படத்த எனக்கும் போட்டுக் காட்டேன்" என்றாள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. கீழே ஓடும் வரிகளை நான் உரக்கத் தமிழில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. டிவிக்குப் பக்கத்தில் தரையில் ரிமோட்டோடு உட்கார்ந்தேன். இரண்டு மணி மூன்று நிமிடப் படம் நாலு மணி நேரம் ஓடியது.

அரை மணி நேரத்திலேயே மாட்டிக்கொண்டேன். ரசியே வேலை கேட்டு வந்து நாதரோடு பேசும் காட்சி. "நீ எத்தனை மணிக்கு வருவே" என்று நாதருக்கும், "காலையில வந்துருவேங்க ஐயா" என்று ரசியேவுக்கும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"நிப்பாட்டு. அவன் அவள நீன்னா கூப்பிடுதான்?"

நிறுத்தினேன். ஆங்கில வரியில் இரண்டு பேருக்கும் ஒரே 'யூ'தான். ஐயாவும் கிடையாது, நீயும் கிடையாது. பாரசீகத்தில் நம்மைப் போலவே ஒருமைக்குத் 'தொ', மரியாதைக்கு 'ஷொமா' என்று தனித்தனியாக உண்டு. ஆனால் நான் அதைக் காதில் வாங்கியா சொன்னேன்? வேலைக்கு வந்த பெண் என்றதும் என் வாயில் தானாக 'நீ' வந்துவிட்டது.

"அவன் மூஞ்சியப் பாத்தா மரியாதையாப் பேசுத மாதிரில்லா இருக்கு. நீ ஏன் அவளத் தாழ்த்திச் சொல்லுத?"

இத்தனை வருடம் இந்தப் படத்தைப் பற்றி நியாயம் பேசியவன் நான். அதற்குப் பிறகு எல்லாருக்கும் 'நீங்க' போட்டேன். சண்டைக் காட்சியில் மட்டும் எங்கே மாற்றுவது என்று தெரியாமல் திணறினேன். எந்த வாக்கியத்தில் நாதர் 'நீங்க'வை விட்டு 'நீ'க்கு இறங்குவான்? அதை முடிவு செய்தால் அவன் எவ்வளவு கெட்டவன் என்பதையும் நான் முடிவு செய்ததாகிவிடும்.

பணம் காணாமல் போன இடத்தில் அம்மா மறுபடி கையைத் தூக்கினாள்.

"அதான் அவன் பொண்டாட்டி எடுத்துட்டாளே."

"எப்பம்மா?"

"அந்தப் பெரிய பெட்டியத் தூக்க வந்தவனுவ, பேசுனதுக்கு மேல ஒரு மாடி கூடிட்டுன்னு துட்டு கூடக் கேட்டானுவல்லா? இவதான போயி எடுத்துட்டு வந்து குடுத்தா."

பின்னால் ஓட்டிப் பார்த்தேன். பியானோ தூக்க வந்தவர்கள், மாடிக் கணக்குத் தகராறு, சிமின் உள்ளே போய்ப் பணம் எடுக்கிறாள். எல்லாம் பட்டப்பகலில் நம் கண் முன்னால். அதற்கு முன் நாலு தடவை பார்த்தவன் நான், ஒரு தடவைகூட அது உறைக்கவில்லை. அத்தானுக்கும்தான். வீட்டில் எந்தப் பணம் எதற்குப் போனது என்று தினம் கணக்கு வைக்கிற ஆளுக்குத்தான் அது கண்ணில் படும் போல.

பெரியவர் கட்டிலோடு கட்டப்பட்டுக் கிடக்கும் காட்சி வந்தபோது நான் குரலை உயர்த்தித் தயாரானேன். நாதருடைய கத்தலை நன்றாகச் செய்வேன் என்று எனக்கு நினைப்பு. அம்மா என் தோளைத் தொட்டாள். நிறுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"ஆச்சிய நானும் கெட்டிப் போட்டிருக்கேன்."

ஆச்சி கடைசி நாலு வருடம் யாரையும் அடையாளம் தெரியாமல் இருந்தாள். என்றைக்கோ மூடிவிட்ட கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று நடுராத்திரியில் வாசலைத் திறந்துகொண்டு இறங்கிவிடுவாள். நான் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தேன்.

"ரேசன் கடைக்குப் போணும்னா என்ன செய்ய? நூல் சேலையத்தான் கெட்டுவேன். கயிறுன்னா தடம் விழுந்துரும்."

ஆச்சியைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா வந்துகொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு விடுமுறைக்கு வந்தபோது அவளைக் காணோம். கேட்டதற்கு, சரியில்லை, நிறுத்திவிட்டோம் என்றார்கள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

"அவளுக்கு நான்தான் கெட்டச் சொல்லிக் குடுத்தேன். உங்கப்பா ஒருநா மத்தியானம் வந்து பாத்துட்டாவ. நான் கடையிலேருந்து படியேறி வாறேன், சத்தம் கேக்கு. அவ எம் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நிக்கா. நான் ஒண்ணும் சொல்லல. அடுக்களைக்குப் போயிட்டேன்."

"அந்த அக்கா சொல்லலையா?"

"சொல்லல." டிவியைப் பார்த்துக்கொண்டே, "ம், போடு" என்றாள்.

போட்டேன். நாதருடைய கத்தலை மெதுவாகத்தான் சொல்ல முடிந்தது. அப்பா போய் ஐந்து வருடம் ஆகிவிட்டது. இனி இதை யாரிடம் கொண்டுபோய்ச் சரி செய்ய? அந்த அக்கா இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ, அம்மாவும் சொல்லவில்லை. ரசியே சத்தியம் செய்ய மாட்டேன் என்று நின்றபோது அம்மா கால்களை மடக்கி உட்கார்ந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கடைசிக் காட்சி மறுபடி கோர்ட். அப்பாவோடு இருப்பதா அம்மாவோடு இருப்பதா என்று தெர்மேயை நீதிபதி கேட்கிறார். முடிவு செய்துவிட்டேன் என்கிறாள். அம்மா அப்பா முன்னால் சொல்லத் தயங்குகிறாள், அழுகிறாள். இருவரையும் வெளியே போகச் சொல்கிறார்கள். நடைபாதையில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்க, எழுத்து ஓட ஆரம்பிக்கிறது.

"பிள்ள என்ன சொல்லிச்சு?"

"அதச் சொல்லலம்மா. படம் முடிஞ்சிட்டு."

"நீ எதையோ வாசிக்காம விட்டுட்ட. திரும்பப் போடு."

திரும்பப் போட்டேன். நடைபாதைக் காட்சியில் கீழே ஒரு வரியும் இல்லை. நான் ஒளிக்கவில்லை என்று அப்போதுதான் நம்பினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த இரண்டு பேரையும் பார்த்தாள்.

"தாத்தா எங்க?"

எல்லாரும் கறுப்பு உடுத்தியிருக்கிறார்கள், அங்கே துக்கத்துக்குக் கறுப்புதான், அப்படியென்றால் பெரியவர் போய்விட்டார் போல என்றேன்.

"அவர விட்டுட்டு எப்பிடிப் போவன்னுதான அவன் வரமாட்டேன்னான்?"

"ஆமா."

"அவருதாம் போயிட்டாரே. பொறவு என்னத்துக்குப் பிரியணும்?"

எத்தனை ஞாயிற்றுக்கிழமை பேசியிருப்போம், இந்தக் கேள்வி எங்கள் யாருக்கும் வரவில்லை. எனக்கு அந்த இடத்தில் பதில் இல்லை. பிரிய வேண்டும் என்று சிமின் முதலில் உண்மையாகவே நினைத்தாளா, அல்லது போகாதே என்று அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தாளா, இதற்குள் இரண்டு பேரும் ஒருவரைப் பற்றி ஒருவர் என்னென்ன தெரிந்துகொண்டுவிட்டார்கள் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அம்மா கேட்டதாகத் தெரியவில்லை. போனை எடுத்து அத்தானைக் கூப்பிட்டாள். மணி பத்தேமுக்கால்.

"மாப்ள, தூங்கிட்டீயளா? அந்த ஈரான் படம் பாத்தேன். அவன் அப்பன் செத்த பொறவும் ரெண்டு பேரும் எதுக்குக் கோர்ட்டுக்குப் போயி நிக்காவ?"

அந்தப் பக்கம் அத்தான் என்னவோ நீளமாகச் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அது சட்டம். நான் அதக் கேக்கல" என்றாள்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு போனைத் தாண்டி எனக்கும் கேட்கும்படி அத்தான் குரல் வந்தது. "நாளைக்கு நேர்ல வாறேன் அத்தை."